ஐந்து கணிப்பொறிகள் பேசத் தொடங்கிய கதை

தாயகத்தை விட்டு டில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் அறுபது வயதைக் கடந்தவர் எவரையேனும் அணுகி, கோடை விடுமுறைக்கு ஊர் போய் வந்த கதையைச் சொல்லுமாறு கேட்டுப் பாருங்கள். போன கதையைவிடத் திரும்பிய கதையே நீளமாக இருக்கும். டில்லியில் நின்று ஜி.டி. எக்ஸ்பிரஸ்ஸிலோ, 1976ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ஸிலோ போவதற்கு இடம் பெற்றுவிடலாம். விடியற்காலையில் எழுந்து வரிசையில் நிற்கும் பொறுமை இருந்தால் போதும். திரும்பி வருவதற்கு டில்லியில் இடம் கேட்டால், குமாஸ்தா ஒரு தந்தி எழுதுவார். அத்தந்தி சென்னைக்குச் செல்லும். சென்னையில் ஒருவர் அதைப் படித்து, அங்குள்ள பேரேட்டைப் புரட்டி, இடம் இருந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு மறுதந்தி அனுப்புவார். இந்த இரு தந்திகளுக்கும் இடையில் எத்தனையோ குடும்பங்களின் விடுமுறை நடுங்கிக்கொண்டிருந்தது.

பதில் வராமலேயே ஊருக்குப் புறப்பட்டவர்களும் உண்டு. தகப்பனாரின் சஷ்டியப்த பூர்த்தியைச் சென்ற இடத்தில் நடத்திவிட்டு, மறுநாள் முதல் வேலையாகச் சென்ட்ரல் நிலையத்துக்கு ஓடி, “எங்கள் பெயர் ஏறியிருக்கிறதா?” என்று விசாரிப்பதே அவர்கள் விடுமுறையின் இரண்டாம் பகுதியாயிற்று. விடுப்பு முடிந்து குறித்த நாளில் அலுவலகத்தில் ஆஜராகாவிட்டால் சம்பளம் பிடிபடும். ஆதலின், இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய கதை அன்று.

அந்நாளைய பேரேடு எவ்வாறு இயங்கிற்று என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனி ஏடு. அந்த ஏடு ஒரே ஓரிடத்தில்தான் இருக்க இயலும். ஆகவே இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர், சரியான வரிசையின் கடைசிக்குப் போய் மீண்டும் நிற்க வேண்டும். இது குமாஸ்தாக்களின் கொடுமை என்று வைதவர் பலர். ஆனால் குற்றம் ஏட்டின் இயல்பில் இருந்தது. ஓர் ஏட்டை ஒரு சமயத்தில் ஒருவரே எழுத முடியும். இருவர் எழுதினால் ஒரே படுக்கை இருவருக்குப் போகும்.

இந்தத் துன்பத்துக்கு முதல் மருந்து 1985ஆம் ஆண்டில் புது டில்லியில் வந்தது. அரசுத் துறை நிறுவனமாக அப்போது விளங்கிய சி.எம்.சி. கம்பெனியார் ‘இம்ப்ரெஸ்’ என்ற பெயரில் ஒரு முன்பதிவு மென்பொருளை ஆக்கித் தந்தனர். வாக்ஸ் என்னும் வகைக் கணிப்பொறியில் அது இயங்கிற்று. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் டிக்கட் வாங்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது. பத்தாண்டு முடிவதற்குள் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய நகரங்களுக்கும் அந்த ஏற்பாடு பரவிற்று. ரெயில்வேயின் தகவல் முறைகளைப் பேணுவதற்கென்றே ‘கிரிஸ்’ என்ற தனி அமைப்பு 1986ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

ஏடு போயிற்று, தந்தி போகவில்லை. இதுதான் நம் கதையின் முடிச்சு. டில்லிக் கணிப்பொறி டில்லியிலிருந்து புறப்படும் வண்டிகளை அறியும். சென்னைக் கணிப்பொறி சென்னை வண்டிகளை அறியும். ஒன்றின் வயிற்றில் இருப்பதை மற்றொன்று அறியாது. ஐந்து நகரங்களிலும் ஒரே குலத்து மென்பொருள் இயங்கியும், ஐந்தும் ஐந்து தீவுகளாகவே கிடந்தன. ஓரகத்திகள் ஐவர் ஒரே கூட்டத்துக்குள் வாழ்ந்து ஒருவரோடொருவர் பேசாதிருப்பதைப் போன்ற நிலை அது.

இதைத் தீர்க்க இரு வழிகள் உண்டு. ஐந்தையும் கலைத்துவிட்டு நாட்டின் நடுவே ஒரு பெரும் பொறியை வைத்து, நாட்டிலுள்ள எல்லாச் சாளரங்களையும் அதனோடு பிணைப்பது ஒரு வழி. பார்வைக்கு எளிது. ஆனால் அந்நாளைய தொலைபேசிக் கம்பிகளின் யோக்கியதையை நம்மில் வயது முதிர்ந்தோர் அறிவர். நாகபுரிக்கு அருகில் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் தஞ்சாவூரில் நிற்பவர் திருச்சிக்கு டிக்கட் வாங்க இயலாமற் போகும். மற்றொரு வழி, ஐந்தையும் அவையவை இருந்த இடத்திலேயே விட்டு, தத்தம் வண்டிகளுக்குத் தாமே அதிகாரிகளாக இருக்கச் செய்து, ஒன்றையொன்று கேட்டுப் பெறும்படி பழக்குவது. கிரிஸ் அமைப்பினர் இரண்டாவதையே கைக்கொண்டனர். அவர்கள் ஆக்கிய புதிய மென்பொருளுக்குக் ‘கான்ஸர்ட்’ என்று பெயர். இசைவாணர் பலர் கூடி வாசிக்கும் கச்சேரி என்பது அச்சொல்லின் பொருள். அரசாங்கத் திட்டங்களுக்கு இடப்படும் பெயர்களில் பொருத்தமானவை சில. இது அவற்றுள் ஒன்று. 1994ஆம் ஆண்டில் அது முதன்முதல் செகந்தராபாத்தில் நிறுவப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐந்து மையங்களும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன.

அதன் பின் நிகழ்ந்தது என்ன? டில்லிச் சாளரத்தில் ஒருவர், சென்னையிலிருந்து டில்லிக்குத் திரும்ப விண்ணப்பம் நீட்டுகிறார். குமாஸ்தா வண்டி எண், தேதி, ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், வகுப்பு, பயணிகளின் பெயர், வயது ஆகியவற்றைத் தட்டுகிறார். டில்லிப் பொறி முதலில் கவனிப்பது, இவ்வண்டி யாருடைய பொறுப்பு என்பதை. தன்னுடையதன்று எனக் கண்டதும், அந்த விண்ணப்பத்தை அப்படியே சென்னைக்கு அனுப்பிவிடுகிறது. சென்னைப் பொறி தன் கணக்கைப் பார்த்துப் பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் ஒதுக்கி விடை அனுப்புகிறது. டில்லியில் டிக்கட் அச்சாகிறது. குமாஸ்தாவுக்கு இது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. விண்ணப்பித்தவருக்கோ இன்னும் இல்லை.

நேயர்கள் இதனை அஞ்சலகத்து மணியார்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1880ஆம் ஆண்டில் அஞ்சல் இலாகா ஏற்றுக்கொண்ட மணியார்டர், வெளியூரில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பிய தலைமுறைகளுக்குக் கைவிளக்காய் இருந்தது. அதன் பாரம் இன்னபடி நிரப்பப்பட வேண்டும் என்பது மட்டுமே நமக்குத் தெரிந்த விதி. சாளரத்துக்கு அப்பால் எந்த ஏட்டில் எழுதுகிறார்கள், எந்த மூட்டையில் கட்டுகிறார்கள் என்பது நம் கவலை அன்று. உள்ளே முறையை மாற்றினாலும் பாரம் மாறாத வரையில் நாம் அறியப் போவதில்லை. கேட்கும் முறை பகிரங்கம், செய்யும் முறை அந்தரங்கம் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் இன்றைய கணிப்பொறி அறிஞர்கள் ‘சேவை சார் கட்டமைப்பு’ என்கிறார்கள். ‘சேவை’ என்னும் சொல்லை நாம் மனநிறைவோடு எழுதுவதில்லை. பெருமாள் கோயிலில் அது தரிசனம். அடுக்களையில் அது பலகாரம். ‘பணி’ என்றால் உத்தியோகமாகிவிடுகிறது. ‘தொண்டு’ என்றால் கூலி இல்லை என்றாகிவிடுகிறது. வேறு சொல் அமையும் வரை சேவையே நிற்கட்டும்.

மணியார்டரில் இல்லாத ஒரு சங்கடம் இதில் உண்டு. அதுவே இத்துறையின் உயிர்நாடி. சென்னைப் பொறி படுக்கையை ஒதுக்கிவிட்டது. விடை வரும் வழியில் கம்பி அறுந்தது என்று கொள்வோம். டில்லியில் டிக்கட் அச்சாகவில்லை. சென்னையிலோ அப்படுக்கை விற்றுப்போனதாகப் பதிவாகியிருக்கிறது. வண்டி ஓடும் நாளில் யாரும் படுக்காத ஒரு படுக்கை காலியாகப் போகும். காத்திருப்போர் பட்டியலில் ஒரு குடும்பம் நடைமேடையில் நிற்கும். அல்லது இதற்கு நேர்மாறாக, டில்லி விடை கிடைக்கவில்லை என்று மீண்டும் கேட்க, சென்னை இரண்டாம் முறையும் ஒதுக்கிவிடலாம். இவ்விரண்டும் நேராமல் காப்பதற்கு 1978ஆம் ஆண்டில் ஜிம் கிரே என்னும் அமெரிக்க அறிஞர் விரிவாக எழுதிய ஒரு முறை உண்டு. இரு கட்ட உறுதி என்று அதைச் சொல்லலாம். முதற்கட்டத்தில் சம்பந்தப்பட்ட எல்லாப் பொறிகளையும், “ஆயத்தமா?” என்று கேட்பது, அனைத்தும் ஆம் என்ற பிறகே இரண்டாம் கட்டத்தில், “முடித்துவிடுக” என ஆணையிடுவது. நிச்சயதார்த்தத்தில் இரு தரப்பாரும் தாம்பூலம் மாற்றிக்கொண்ட பிறகே முகூர்த்தத்தில் தாலி ஏறுவது போல என்க. ஒருவர் தலையசைக்காவிடின் எவருக்கும் செலவு இல்லாமல் கலைந்துவிடலாம்.

கான்ஸர்ட் ஏற்பாட்டில், செய்தியைத் தவறாமல் ஒப்படைக்கும் இந்தப் பொறுப்பை டிஜிடல் கம்பெனியாரின் ‘ரிலையபிள் டிரான்ஸாக்ஷன் ரூட்டர்’ என்ற இடைநிலை மென்பொருள் ஏற்றது. முன்பதிவு விதிகளை அது அறியாது. மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை என்ற பேதம் அதற்கு இல்லை. வந்த ஓலை இன்னாரிடம் சேர்ந்ததா, சேர்ந்தது ஒரே முறைதானா என்பதை மட்டும் கண்ணுங் கருத்துமாய்ப் பார்த்துக்கொண்டது. அக்காலத்துத் திருமுகம் சுமந்த ஓட்டக்காரனும் ஓலையைப் பிரித்துப் படித்ததில்லை அன்றோ!

இவ்வெண்ணம் நம் நாட்டில் முளைத்ததென்று உரிமை கொண்டாட வேண்டியதில்லை. ஆகாய விமானக் கம்பெனிகள் பதினொன்று கூடி, தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள 1949ஆம் ஆண்டிலேயே ‘சீட்டா’ என்ற கூட்டுறவை நிறுவியிருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஐ.பி.எம். கம்பெனியோடு சேர்ந்து ஆக்கிய ‘சேபர்’ என்ற முன்பதிவுப் பொறி 1964ஆம் ஆண்டில் அக்கம்பெனியின் முன்பதிவு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. தொலைவிலுள்ள பொறியை அருகிலிருப்பது போலவே ஏவல் கொள்ளும் வழியை, ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த பிரெல், நெல்ஸன் ஆகிய இருவர் 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர்.

1990ஆம் ஆண்டுகளில் இத்துறையில் மொழிச் சண்டை மூண்டது. மொழிச் சண்டையைப் பற்றி இந்தியருக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு கம்பெனியின் பொறி மற்றொரு கம்பெனியின் பொறியோடு எம்மொழியில் பேசுவது? ‘கோர்பா’ என்று ஒரு சாரார். வேறு பெயர்களில் வேறு சாரார். 1998ஆம் ஆண்டில் எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்து முறை பொது ஒப்பந்தமாக வெளிவந்த பிறகு, அதன் மீது ‘ஸோப்’ என்ற கடித முறையை எழுப்பினார்கள். அக்கடிதங்களின் உறை, முத்திரை, முகவரி எல்லாம் கனத்துக்கொண்டே போய், உள்ளிருக்கும் செய்தி ஒரு வரியாகவும் வெளிச் சடங்கு ஒரு பக்கமாகவும் ஆயிற்று. அரசாங்கக் கடிதங்களோடு பழகிய நமக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

அவ்வேளையில் எழுந்த ஒரு பெருங்கனவைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. உலகத்திலுள்ள எல்லாச் சேவைகளையும் ஒரு பொதுப் பட்டியலில் பதிந்துவிடுவது. ஒரு கம்பெனியின் பொறி அப்பட்டியலைத் தானே புரட்டி, தனக்கு வேண்டிய சேவையைத் தானே தேர்ந்து, தானே உறவு கொண்டாடுவது. ‘யூ.டி.டி.ஐ.’ என்ற பெயரில் 2000ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள். ஐ.பி.எம்., மைக்ரோஸாப்ட், எஸ்.ஏ.பி. ஆகிய பெருங்கம்பெனிகள் அந்தப் பொதுப் பட்டியலை நடத்திப் பார்த்து, 2006ஆம் ஆண்டில் கதவை மூடிவிட்டன. பட்டியலில் பெயர் கண்ட மாத்திரத்தில் பெண் கொடுப்பார் உண்டோ? நம்பகம் என்பது பொறிகள் தேடி எடுக்கும் பொருள் அன்று என்பதை அவர்கள் காசு கொடுத்துக் கற்றனர். அதே 2000ஆம் ஆண்டில் ராய் பீல்டிங் என்பவர் கலிபோர்னியாவில் தம் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சி நூலில், உலக வலையின் எளிய விதிகளே போதும் என்று வாதித்தார். காலப்போக்கில் அந்த எளிய முறையே பெரிதும் வென்றது.

இனி நம் ரெயிலுக்குத் திரும்புவோம். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் தேதி, ஐ.ஆர்.சி.டி.சி. அமைப்பு இணையத்தின் வழியாக டிக்கட் விற்கத் தொடங்கியது. சாளரத்துக்கு முன் வரிசை என்பது வீட்டுக்குள் வந்துவிட்டது எனலாம். ஆயினும் அன்று வாங்கிய டிக்கட் கூரியர் மூலமாகத்தான் கைக்கு வரும். கூரியருக்குக் காத்திராமல் ரெயில் ஏறலாம் என்று துணிய இன்னும் மூன்றாண்டுகள் ஆயின. 2005ஆம் ஆண்டில் மின் டிக்கட் வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. முன்னர் ஐந்து பொறிகளும் ஒரே ரெயில்வேயின் பிள்ளைகள். இப்போது பேச வேண்டியவை வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை: ஐ.ஆர்.சி.டி.சி.யின் தளம், கிரிஸ் காக்கும் முன்பதிவுக் கணக்கு, பயணியின் பணம் இருக்கும் வங்கி. வங்கி, “ஆயத்தமா?” என்ற கேள்விக்குக் காத்து நிற்பதில்லை, பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும். அதற்குள் இடம் தீர்ந்துபோனால், அல்லது விடை வழியில் தொலைந்துபோனால், பணம் போயிற்று, டிக்கட் இல்லை என்ற அவல நிலை. இரு கட்ட உறுதி இவ்விடத்தில் பயன்படாது. பிற்பாடு கணக்கை ஒத்துப் பார்த்துப் பணத்தைத் திருப்பித் தருவதே ஏற்பட்ட வழி. பணம் திரும்பி வருவதென்னவோ உண்மை. ஆனால் தீபாவளிக்கு முன்தினம் அப்பணத்தை இழந்து நிற்கும் கூலித் தொழிலாளிக்கு, மறுபடி டிக்கட் வாங்க வேறு பணம் எங்கிருந்து வரும்? இவ்வினாவைப் பொறியியல் நூல்கள் எழுப்புவதில்லை.

பிற நாடுகளில் அந்தக் காலத்திலேயே மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 2006ஆம் ஆண்டில் அமேஸான் கம்பெனி, தன் கணிப்பொறிகளைப் பிறருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. மேகம் என்று கவிதை நயத்தோடு பெயர் சூட்டினார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஓர் ஊரின் புறத்தே, மின்சாரத்தைத் தின்றுகொண்டு இரைச்சலிடும் கொட்டகைகளே அவை. ஓர் அலுவலகத்தின் சம்பளக் கணக்கு ஒரு மேகத்திலும், சரக்குக் கணக்கு மற்றொரு மேகத்திலும் போய்ச் சேர்ந்தபடியால் பழைய தீவுகளின் கதை புதிதாய்த் தொடங்கியது. தீவுகளுக்குப் பாலம் கட்டித் தருவதே தனித் தொழிலாயிற்று. அத்தொழிலைச் செய்த மியூல்ஸாப்ட் என்ற கம்பெனியை 2018ஆம் ஆண்டில் சேல்ஸ்போர்ஸ் கம்பெனி ஏறத்தாழ 650 கோடி டாலருக்கு வாங்கியது என்றால், பாலத்தின் மதிப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ரெயில்வே, 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய மின் டிக்கட் முறையைக் கொண்டுவந்தது. நிமிஷத்துக்கு 2,000 டிக்கட் என்ற பழைய கொள்ளளவு 7,200 ஆக உயர்ந்தது. ஆனால் வாசலைப் பெரிதாக்கினால் முட்டி மோதுவோரும் பெருகுவர். தத்கால் டிக்கட் திறக்கும் காலை வேளையில், மனிதர் விரலைவிட வேகமாய்ப் பாரம் நிரப்பும் கள்ள மென்பொருள்களை வைத்துக்கொண்டு தரகர்கள் புகுந்தனர். சேவையின் வாசல் பொதுவானதென்றால் கள்ளனுக்கும் பொதுவே. அதைத் தடுக்க மேலும் ஒரு குடும்பத்தை இந்த உறவுக்குள் இழுக்க வேண்டியதாயிற்று: 2025ஆம் ஆண்டு ஜூலை முதல், இணையத்தில் தத்கால் டிக்கட் வாங்குவோர் ஆதார் மூலம் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்று விதித்தார்கள். தரகனுக்கு இடைஞ்சல்தான். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டு ஆதாரில் அதைப் பதியாமல் விட்ட நல்லவருக்கும் இடைஞ்சல்தான்.

புலம் பெயர்ந்தோர்க்கு ரெயிலைவிட நெருக்கமான ஒன்றில் இதே கதை பின்னர் நடந்தது. ரேஷன் அட்டை சொந்த ஊரின் ஒரு கடையோடு கட்டுண்டது. சேலத்திலிருந்து ஐதராபாத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவரின் அட்டை, அங்கே வெறும் காகிதம். ஒவ்வொரு மாநிலமும் தன் தன் பொறியில் தன் தன் முறையில் கணக்கு வைத்திருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட தீவுகள். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆந்திரம், தெலங்கானா, குஜராத், மகாராஷ்டிரம் ஆகிய நான்கு மாநிலங்களை வைத்து இவற்றைப் பேச வைக்கும் முயற்சி தொடங்கிற்று. ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்று அதற்குப் பெயர். தமிழ்நாடு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் சேர்ந்தது. கடைசியாக அஸ்ஸாம் 2022ஆம் ஆண்டு ஜூனில் சேர்ந்தது.

கான்ஸர்ட்டின் தத்துவமே இங்கும். அட்டையின் மூலக் கணக்கு மாநிலத்திடமே இருக்கிறது. வெளியூர்க் கடைக்காரர் விற்பனைக் கருவியில் அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ பதித்து விரல் ரேகையை வாங்கினால், மத்தியக் களஞ்சியத்தின் வழியாக இம்மாதத்து அளவில் எவ்வளவு மீதி என்ற விடை வருகிறது. குடும்பத்தலைவர் தம் பங்கை வேலை செய்யும் ஊரில் வாங்கலாம். மனைவி மக்கள் மீதியைச் சொந்த ஊரில் வாங்கலாம். ஒரே அட்டையை இரண்டாகப் பிளக்கும் இந்த வசதியே நமக்கு எல்லாவற்றிலும் பெரிதாய்த் தோன்றுகிறது. ஏனெனில் உழைக்கப் போனவர் தனியாகவே போகிறார் என்ற உண்மையை அதை வகுத்தவர் அறிந்திருக்கிறார். அதே சமயம், கடையில் கருவிக்கு இணைப்புக் கிட்டாத நாளிலும், சிமெண்டில் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி ஏற்காத நாளிலும், அரிசி மூட்டை கண்ணெதிரே இருந்தும் கைக்கு வருவதில்லை.

மற்றொரு செய்தியையும் வெளிமாநிலத்தில் வாழ்வோர் அறிந்துவைத்தல் நலம். இவ்வாறு எல்லை தாண்டி வருவது, தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு அளிக்கும் தானியம் மட்டுமே. முன்னுரிமை அட்டையும் அந்தியோதய அட்டையும் உடையோர்க்கே அது செல்லும். தமிழ்நாட்டில் அவ்விரு வகையிலும் சேராத அட்டைதாரர்களுக்கும் மாநில அரசு அரிசி தருகிறது. அந்த அரிசி மாநிலத்துக்குள்ளேயே நின்றுவிடும். நம் கடைகளில் அட்டைக்குத் தரப்படும் துவரம் பருப்பும் பாமாயிலும் அவ்வாறே. அவற்றைக் கேட்டு அறியும் கேள்வி, பொறிகளின் அந்தப் பாரத்தில் இடம் பெறவில்லை.